அண்ணன் வண்டியும் தம்பி வண்டியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு நேயர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரர் ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறார். சில வருஷங்களாகச் சிக்கனமாயிருந்து கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறார். அந்தப் பணத்தைக் கொண்டு, அந்த ஊர்க் கம்பெனியான பி.எம்.டபிள்யூ.வின் 'எம்5' என்னும் மோட்டார் வண்டியை, பிறர் ஓட்டிய வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டுமென்று ஆசைப்படுகிறார். இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 2001-ம் வருஷத்தியது. குதிரை சக்தி 400. மற்றொன்று 2006-ம் வருஷத்தியது. குதிரை சக்தி 507. ஆனால், வயதில் மூத்து சக்தியில் குறைந்த வண்டிக்காரர்தான் அதிக விலை கேட்கிறாராம். "கத்தரிக்காய் வாங்கினால்கூடப் புதுக் காய்க்குத்தானே விலை அதிகம்? ஜெர்மனி தேசத்தில் மட்டும் வாடிய காய்க்கு விலை ஏறுமா? இதில் ஏதாவது மோசடி உண்டா?" என்று நேயர் கேட்கிறார். கடிதத்தின் அடியில், "இவ்வளவு வேகம் எதற்கு என்று பையனுடைய தாயார் கேட்கிறாள்" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

தாயாருடைய கேள்விக்குப் பதில் சொல்ல நம்மால் ஆகாது. அந்தக் கேள்விக்கு இதுவரை எந்த மகனும் எந்தத் தாயாருக்கும் திருப்தியான பதில் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை. தகப்பனாருடைய கேள்விக்குச் சொல்லலாம். மோசடி ஒன்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இவ்விரு வண்டிகளையும் வைத்து ஆண்ட ஜனங்கள், தங்கள் கைப்பணம் செலவான பிறகு செய்துகொண்ட முடிவுதான் அந்த விலை வித்தியாசம். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

முதலில், இது என்ன ஜாதி வண்டி என்பதைச் சொல்ல வேண்டும். வெளித் தோற்றத்துக்கு டாக்டர்களும் வக்கீல்களும் வைத்துக்கொள்ளும் சாதுவான நாலு கதவு வண்டி. பின்னால் மூன்று பேர் உட்காரலாம். பெட்டி படுக்கை வைக்கலாம். உள்ளே இருக்கும் யந்திரமோ பந்தய மைதானத்துக்கு உரியது. பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் பந்தய வேலைகளுக்காக 1972-ம் வருஷத்தில் ஒரு தனிக் கிளை ஏற்படுத்தினார்கள். அந்தக் கிளையின் கைவண்ணத்தில் 1985-ம் வருஷம் வெளியுலகுக்கு வந்தது முதல் எம்5. அதற்கு 286 குதிரை சக்தி. குழந்தைக்கு ஜாதகம் எழுதுவதைப்போல் ஒவ்வொரு தலைமுறைக்கும் கம்பெனியார் ஒரு குறி வைத்தார்கள். நேயருடைய குமாரர் பார்த்திருக்கும் வண்டிகளில் மூத்தது மூன்றாவது தலைமுறை. அதன் குறி இ39. இளையது நான்காவது தலைமுறை, குறி இ60. குறியெண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வதைவிட அண்ணன் என்றும் தம்பி என்றும் சொல்லுவது நமக்குச் சௌகரியம்.

அண்ணனை 1998-ம் வருஷம் ஜெனீவாக் கண்காட்சியில் காட்டினார்கள். 2003 வரையில் டிங்கோல்ஃபிங் என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையில் சுமார் 20,500 வண்டிகள் செய்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு தலைமுறைகளுக்கும் ஆறு சிலிண்டர் யந்திரம். இதற்கு எட்டுச் சிலிண்டர், கொள்ளளவு 4.9 லிட்டர். கியர் ஆறு. இடது காலால் கிளச்சை மிதித்து, வலது கையால் தள்ளித்தான் மாற்ற வேண்டும். தானே மாறும் கியர் வேண்டுமென்றால், "அது இங்கே கிடையாது, வேறு வண்டி பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

தம்பி பிறந்த கதை வேறு. அந்தக் காலத்தில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் வில்லியம்ஸ் கோஷ்டியுடன் சேர்ந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஈடுபட்டிருந்தார்கள். பந்தய வண்டிகளுக்குப் பத்துச் சிலிண்டர் யந்திரம். அதே பெருமையைக் கடைவீதிக்கும் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. 2005-ம் வருஷம் விற்பனைக்கு வந்த தம்பிக்கும் பத்துச் சிலிண்டர் வைத்தார்கள். லாண்ட்ஸ்ஹூட் என்னும் ஊரில் பந்தய யந்திரத்தை வார்த்த அதே வார்ப்படச் சாலையில் இதன் உடலையும் வார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷமே ஃபார்முலா ஒன் விதிகளை மாற்றி, பத்துச் சிலிண்டர் கூடாது, எட்டுத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டை வந்து சேர்ந்த சமயத்தில் கல்யாணம் முடிந்துபோன கதைதான். ஆனாலும் சட்டை நன்றாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த 400-ஐயும் 507-ஐயும் சற்றுத் துருவிப் பார்ப்போம். விஷயத்தின் சூட்சுமம் முழுதும் அங்கேதான் இருக்கிறது.

குதிரை சக்தி என்பது இரண்டு காரியங்கள் சேர்ந்த கணக்கு. யந்திரம் எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பது ஒன்று. நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பது மற்றொன்று. அண்ணனுடைய முறுக்கு விசை 500 நியூட்டன் மீட்டர், தம்பியுடையது 520. பார்த்தீர்களா? பலத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் அண்ணன் அந்தப் பலத்தை நிமிஷத்துக்கு 3,800 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறான். தம்பிக்கு 6,100 சுற்று வேண்டும். அண்ணன் 7,000 சுற்றில் போதும் என்று நிறுத்திக்கொள்வான். தம்பி 8,250 வரையில் போவான். அதிகப்படியான 107 குதிரைகளும் லாயத்திலிருந்து வரவில்லை. வேகமாகச் சுற்றுவதிலிருந்து வந்திருக்கின்றன.

கிணற்றில் இரண்டு பேர் நீர் இறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வாளி. ஒருவன் நிதானமாக இறைக்கிறான். மற்றவன் மூச்சுப் பிடித்துக்கொண்டு அதிவேகமாக இறைக்கிறான். சாயங்காலத்துக்குள் இரண்டாமவன் அதிகத் தண்ணீர் இறைத்திருப்பான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த ராட்டினத்தின் அச்சு முதலில் தேயும்?

இதிலிருந்து ஓட்டும் சுபாவமும் தெரிகிறது. உழைக்கும் சுபாவமும் தெரிகிறது. சாதாரணமாக மோட்டார் விமரிசனம் எழுதுகிறவர்கள், ஓட்டுகிற இன்பம் என்று ஒரு தலைப்பும், நம்பகம் என்று வேறொரு தலைப்பும் போட்டுத் தனித்தனியாக எழுதுவார்கள். இந்த இரண்டு வண்டிகளைப் பொறுத்த மட்டில் அப்படிப் பிரிப்பது சரியல்ல என்பது நமது அபிப்பிராயம். தம்பி எதனால் இனிக்கிறதோ, அதனாலேயே கடிக்கிறது.

அண்ணனை ஓட்டுவது எப்படியிருக்கும்? காலை லேசாக வைத்தால் போதும். எந்தக் கியரில் இருந்தாலும் வண்டி கேட்டதைக் கொடுக்கும். ஊருக்குள் நாலாவது கியரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரலாம். அதே வண்டியை ஜெர்மன் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனால் மின்னலாகப் பாயும். இரண்டும் ஒரே மனிதனாகத்தான் இருக்கும். குறை இல்லாமலும் இல்லை. எட்டுச் சிலிண்டர் யந்திரம் இடத்தை அடைத்துக்கொண்டபடியால், இதற்குப் பழைய பாணி ஸ்டீரிங் அமைப்பைத்தான் வைக்க முடிந்தது. அதே குடும்பத்தில் ஆறு சிலிண்டர் உள்ள மலிவான வண்டிகளுக்கு இதைவிடக் கூர்மையான ஸ்டீரிங் கிடைத்தது! நடுவில் பிடித்திருக்கும்போது சக்கரம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று இந்த வண்டியை உயிராக நேசிக்கிறவர்களே சொல்லுகிறார்கள்.

தம்பியின் ஸ்டீரிங் கூர்மையானது. வளைவுகளில் அண்ணனைவிடச் சுறுசுறுப்பு. ஆனால் காலையில் கிளப்பியதும் இந்த வண்டி 400 குதிரை சக்திதான் தரும். ஒரு பொத்தானை அழுத்திய பிறகே 507-ம் வெளியே வரும். அண்ணன் முழுப் பலத்துடன் எப்படியோ, தம்பி அடங்கியிருக்கையில் அப்படி! பலத்துக்கு ஒரு பொத்தான், ஷாக் அப்சார்பர்களின் விறைப்புக்கு ஒரு பொத்தான், கியர் மாறும் வேகத்துக்கு ஒரு பொத்தான் என்று வைத்திருக்கிறார்கள். கியர் மாறும் விதம் மட்டும் பதினொன்று. ஆபீசுக்குப் புறப்படுகிறவன் எதை அழுத்தினோம், எதை விட்டோம் என்று யோசிப்பதற்குள் ஆபீசே வந்துவிடும்.

அந்தக் கியர்ப்பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழு கியர், கிளச் உண்டு, ஆனால் மிதிக்கக் கட்டை கிடையாது. ஒரு சிறு பம்பு எண்ணெயை அழுத்தி, நம் காலுக்குப் பதிலாகக் கிளச்சையும் நம் கைக்குப் பதிலாகக் கியரையும் இயக்குகிறது. நல்ல வேகத்தில் போகும்போது இது மகா உற்சாகமான காரியம். ஆனால் நகரத்து ஜனக்கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும்; உள்ளேயிருப்பவர்கள் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப்போல் ஒரே சமயத்தில் தலையை ஆட்டுவார்கள். அமெரிக்கர்கள் இதைச் சகிக்கவில்லை. அவர்கள் போட்ட கூச்சலில், 2007-ம் வருஷத்து மாடலிலிருந்து அவர்களுக்கு மட்டும் காலால் மிதிக்கும் கிளச்சும் ஆறு கியரும் வைத்துக் கொடுத்தார்கள். ஜெர்மனிக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 6,000 சுற்றுக்கு மேல் தம்பி போடும் கோஷத்தைப்போல் வேறெந்த நாலு கதவு வண்டியும் போட்டதில்லை. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் கோர்வைக்கு வரும்போது சபையில் ஒரு நிமிர்வு ஏற்படுகிறதல்லவா? அந்த மாதிரி. 2005, 2006 இரண்டு வருஷமும் உலகத்தின் சிறந்த யந்திரம் என்ற பரிசை இதற்குக் கொடுத்தார்கள். 2011-ல் வந்த அடுத்த தலைமுறைக்கு, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுடன் எட்டுச் சிலிண்டர் வைத்துவிட்டார்கள். சக்தி 560 ஆயிற்று, கோஷம் போயிற்று. எம்5 வரிசையில் பத்துச் சிலிண்டர் அதற்குப் பிறகு வரவேயில்லை.

வேகத்தில் எவ்வளவு லாபம் என்றும் பார்த்துவிடலாம். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அண்ணனுக்கு 5.3 விநாடி; தம்பிக்கு 4.7. அதற்கு மேல் ஓடி, 250 கிலோமீட்டரில் இரண்டையும் கம்பெனியாரே கடிவாளம் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே 107 குதிரைகள் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்தது விநாடியில் பத்தில் ஆறு பங்கு. ஜெர்மன் நெடுஞ்சாலையில் வேக எல்லை இல்லாத பகுதிகள் நிறைய உண்டு என்பது வாஸ்தவம். ஆனாலும் 130-க்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்பதே அங்கே சர்க்காருடைய யோசனை. தாயார் இந்தப் பாராவை மட்டும் கத்தரித்து ம்யூனிக்குக்கு அனுப்பலாம்.

இனி நோய்நொடிகள். அண்ணனுக்கு நோயே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர்த் தொட்டியும் அதன் குழாய் முனைகளும் பிளாஸ்டிக். வயதானால் மொரமொரவென்று உடையும். முன் சக்கரங்களைத் தாங்கும் கைகளிலுள்ள ரப்பர் தேய்ந்து, பிரேக் போடும்போது ஸ்டீரிங் நடுங்கும். வால்வுகளின் நேரத்தை மாற்றிக் கொடுக்கும் 'வானோஸ்' என்னும் உறுப்பு, குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்பியதும் கடகடவென்று சப்தம் போடும். சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் தண்டவாளங்கள் தேயும். என்ஜின் ஆயில் கொஞ்சம் குடிக்கும். ஓட்டுகிறவருக்கு எதிரேயுள்ள பலகையில் எழுத்துக்கள் பல் விழுந்தாற்போல் மங்கிப்போகும். பின் சக்கரத்து வளைவுகளில் துருப்பிடிக்கும். பட்டியல் நீளமானதுதான். ஆனால் கவனியுங்கள்: இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கின்றன. சொட்டுகிறது, நடுங்குகிறது, சப்தம் போடுகிறது, மங்குகிறது. மெக்கானிக்கிடம் போவதற்கு அவகாசம் உண்டு. அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று சிலவற்றைத் தள்ளியும் போடலாம்; தண்ணீர்த் தொட்டியை மட்டும் தள்ளிப் போடக்கூடாது.

தம்பியின் பெரிய நோய் நோட்டீஸ் கொடுப்பதில்லை. யந்திரத்தின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாப்டும், பிஸ்டனைத் தாங்கும் ராடும் சேருமிடத்தில் மெல்லிய பேரிங் ஓடுகள் இருக்கின்றன. உலோகமும் உலோகமும் தொடாமல், நடுவில் மயிரிழை கனத்துக்கு எண்ணெய்ப் படலம் நின்று காக்கிறது. விநாடிக்கு 137 தடவை சுற்றும் யந்திரத்தில் அந்தப் படலம் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். சுற்றும் வேகம் இரட்டித்தால், அந்த இடத்தில் பிஸ்டனும் ராடும் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். இந்த யந்திரத்தில் ஓடுகளுக்கு விட்ட இடைவெளியோ மிகக் குறைவு. ஊற்ற வேண்டிய எண்ணெயோ கெட்டியானது. குளிர்காலக் காலை வேளையில், எண்ணெய் சூடேறி இளகுவதற்கு முன்னால் எவராவது காலை அழுத்தினால் ஓடு தேய ஆரம்பிக்கிறது. எதிரே பலகையில் இதற்கு விளக்கு எரியாது. தட்டுகிற சப்தம் காதில் விழும்போது, பெரும்பாலும் கிராங்க் ஷாப்டே கெட்டுப்போயிருக்கும். அப்புறம் யந்திரத்தை மாற்றுகிற செலவு, வண்டி வாங்கிய விலையையே எட்டிவிடக்கூடும்.

இதற்கு வைத்தியம் உண்டு. விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள், நோய் வருவதற்கு முன்னாலேயே, ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டரில், அந்த ஓடுகளை மாற்றிவிடுகிறார்கள். யந்திரத்தை வெளியே எடுக்காமல் கீழிருந்தே செய்யலாம். இடையிடையே பழைய எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ரசாயனச் சாலைக்கு அனுப்பி, ஈயமும் செம்பும் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்களும் உண்டு. வீட்டுக்கு வாங்கிய வண்டிக்கு ரத்தப் பரிசோதனை செய்து காக்கிற நிலைமை!

மற்றவை இதற்கு அடுத்தபடி. யந்திரத்துக்குக் காற்று விடும் த்ராட்டில்களை இயக்க இரண்டு மின்சாரப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டாலும் வண்டி நொண்டத் தொடங்கும். கியரை இயக்கும் அந்தச் சிறு பம்பு நின்றுவிட்டால் கியரே விழாது. வண்டி நின்ற இடத்தில் நிற்கும். பெட்ரோல் விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். 70 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு, காலை அழுத்தி ஓட்டுகிறவர் 400 கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் பங்குக்கு வந்து நிற்க வேண்டியதுதான். அண்ணனும் ஏகாதசி விரதக்காரன் அல்லன். ஆனால் இவ்வளவு பசி கிடையாது.

ஜெர்மனியில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வண்டியையும் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர்களிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். "முத்திரை புதிதாக இருக்கிறது, பயமில்லை" என்று விற்பவர்கள் சொல்லுவார்கள். பிரேக்கையும், விளக்கையும், துருவையும், புகையையும் அவர்கள் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். யந்திரத்தைக் கழற்றிப் பேரிங் ஓட்டைப் பார்ப்பது அவர்கள் வேலையல்ல.

நம்மவர்களுக்குச் சம்பந்தமுள்ள ஒரு செய்தி: 2007-ம் வருஷத்தில் செங்கற்பட்டுக்கு அருகில் இந்தக் கம்பெனியார் தொழிற்சாலை திறந்தபோது, தம்பியின் குடும்பத்தைச் சேர்ந்த சாதாரண ஐந்தாம் வரிசை வண்டிகளை அங்கேயே பூட்டினார்கள். பத்துச் சிலிண்டர்ப் பிள்ளையை மட்டும் அங்கே பூட்டவில்லை.

ஆக, மாதச் சம்பளத்தில் ஜீவிக்கிற, ஒரே ஒரு வண்டி வைத்துக்கொள்ளப் போகிற மனிதர் அண்ணனை வாங்குவதுதான் சரி. அதிக விலை கொடுத்தாலும் சரி. வேறொரு சாதாரண வண்டி வீட்டில் இருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோஷம் கேட்க வேண்டுமென்றால் தம்பியை வாங்கலாம். அப்போதும் பேரிங் மாற்றிய பட்டறையின் ரசீதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்கலாம். ரசீது இல்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேச வேண்டும். கழிக்க மாட்டேன் என்கிறவரிடம் காபி சாப்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கவனிப்பில்லாமல் பல கை மாறிய அண்ணனைவிட, ஒரே கையில் ஒழுங்காக வளர்ந்த தம்பி எவ்வளவோ மேல் என்பதையும் மறக்கக்கூடாது. இப்போது அண்ணன்மார் எல்லோருக்கும் இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. நல்ல பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள்.

வண்டி பார்க்கக் காலையில் போகட்டும். சொல்லாமல் சற்று முன்னதாகவே போனால் இன்னும் நல்லது. போனதும் யந்திர மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால், விற்பவர் முன்பே கிளப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்; காலைச் சப்தத்தை யாரும் கேட்கக்கூடாது என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டு, மறுநாள் குளிர்ந்த வண்டியைக் காட்டச் சொல்லலாம். குளிர்ந்திருந்தால் கிளப்பச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேட்கட்டும். பிறகு விற்பவரையே ஓட்டச் சொல்லி அருகில் உட்கார்ந்து, சுற்றுக் கணக்குக் காட்டும் வட்டத்தைப் பார்க்கட்டும். யந்திரம் குளிர்ந்திருக்கும்வரை இதற்கு மேல் போகாதே என்று அதில் சிறு விளக்குகள் எரியும். சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். இந்த ஏற்பாடு இரண்டு வண்டியிலும் உண்டு. விளக்குகள் அணைவதற்கு முன்னால் அவர் காலை அழுத்துகிறாரா, பொறுத்திருக்கிறாரா என்று கவனித்தால் போதும். இத்தனை வருஷம் அந்த வண்டி எப்படி வளர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.